லாங்யர்பியென் டு நி-ஓலசுன்ட்: ஃப்ளைட்டா, போட்டா?

நார்வேக்கு வடக்க ஆர்க்டிக்ல இருக்கற தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட், அங்க ஊருக்கு ஊர் ரோடுங்கிற பேச்சே கிடையாது. இந்தியாவோட ஆர்க்டிக் ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரி 2008ல இருந்து நி-ஓலசுன்ட்ங்கிற சின்ன ஆராய்ச்சி ஊர்லதான் இருக்கு, அதனால இந்தியால இருந்து ஆராய்ச்சிக்குப் போற எல்லாருக்கும் ஸ்வால்பார்ட்டோட பெரிய ஊரான லாங்யர்பியென்ல இறங்கின பிறகு இந்தக் கடைசித் துண்டு பாக்கி நிக்கும். நான் போகும்போது ஃப்ளைட், திரும்பும்போது போட். என் ஓட்டு ஃப்ளைட்டுக்குத்தான்.

நேர்கோட்டுல சுமார் 110 கிலோமீட்டர், வானத்துல 25 நிமிஷம். டோர்னியர் 228, ரெட்டை ப்ரொப்பல்லர், கான்பூர்ல எச்.ஏ.எல். லைசன்ஸ்ல செய்யுதே அதே ரகம். ஜன்னலுக்குக் கீழ பனியாறு பனியாறா போகும், ஃபோட்டோ எடுத்து முடிக்கறதுக்குள்ள ஜல்லி ரன்வேல கடகடன்னு இறங்கிடும். பைய எடை போடறப்ப கறாரா இருப்பாங்க, நான் ஒரு ஸ்வெட்டர உருவி மேல போட்டுக்கிட்டேன்.

போட்ல கதை வேற. ஐஸ்ஃபியோர்டன்ங்கிற ஃபியோர்டை (மலைக்கு நடுவுல நிலத்துக்குள்ள நீளமா நுழையற கடல்) விட்டு வெளிய போய், பிரின்ஸ் கார்ல்ஸ் ஃபோர்லாண்ட் தீவுக்கும் பெரிய தீவுக்கும் நடுவுல இருக்கற ஜலசந்தில நெளிஞ்சு வரணும், தூரம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அந்த ஜலசந்தில ஒரு இடம் ஆழமே இல்ல, பெரிய கப்பல்னா தீவை வெளிப்பக்கமாத்தான் சுத்தணும். நான் வந்தது சின்ன போட், காலைல ஏறி சாயங்காலம்தான் இறங்கினேன். திமிங்கிலம் வரும்னாங்க, எனக்கு வந்தது வாந்தி.

வேகம் மட்டும் விஷயம்னா இங்கயே முடிச்சிருப்பேன். அசல் விஷயம் காத்திருக்கற நாள். மூடுபனி இறங்கினா ஃப்ளைட் கிளம்பாது, போட்டுக்கு ரேடார் இருக்கு, அது பாட்டுக்குப் போகும், இத ஒத்துக்கறேன். ஆனா ஃப்ளைட்டுக்கு வானம் ஒரு மணி நேரம் தெளிஞ்சா போதும், காலைல கேன்சல்னு சொன்னவங்க சில நேரம் மத்தியானமே பைய தூக்குங்கன்னு கூப்பிடுவாங்க. போட்டுக்கு அரை நாளுக்கு மேல கடல் அடங்கி இருக்கணும், அதுலயும் ஃபியோர்ட் வாசல்ல திறந்த கடல் அலை நேரா வந்து மோதற இடம் இருக்கு பாருங்க, அங்க காத்து ஏறிடுச்சுன்னா கேப்டன் யோசிக்காம நாளைக்குன்னுடுவார். அந்த நாளைக்குல நார்வேல இருக்கற ட்ரோம்ஸோவுக்குப் போற கனெக்ஷன் ஃப்ளைட் போச்சுன்னா ஹோட்டல் பில் தனி. எதுல போனாலும் திரும்பறப்ப ரெண்டு நாள் கைல வச்சுக்கிட்டே டிக்கெட் போடுங்க.

வசந்தத்துல ஸ்னோ ஸ்கூட்டர்ல பனியாறு தாண்டிப் போறவங்களும் உண்டு. பனி வெடிப்பு, கரடிக்குத் துப்பாக்கின்னு அது தனிப் படிப்பு, நான் ஓட்டினதில்ல. அதுல கருத்து சொல்ல எனக்கு யோக்யதை இல்ல.

எப்படிப் போனாலும் போய் இறங்கினதும் வைஃபை, ப்ளூடூத் ரெண்டும் ஆஃப். அங்க வானத்துல இருந்து வர்ற ரேடியோ சிக்னலைப் பிடிக்கற ஆன்டெனா இருக்கு, நம்ம போன் அதுக்கு இரைச்சல். ஃப்ளைட்ல வந்தவங்களுக்கு ஒரு வேலை மிச்சம், ஃப்ளைட் மோட எடுக்காம அப்படியே விட்டு, வைஃபை, ப்ளூடூத் ஆஃப்தானான்னு ஒரு தடவை பாத்தா போதும்.