3,200 ரூபாய்க்குப் பத்துப் புத்தகம், கொலைகாரன் மட்டும் இல்லை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் விற்கும் ஒரு சமூக ஊடகப் பக்கத்தில் 3,200 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பெயரைப் போட்டால் நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள், அதனால் போடவில்லை. ஆள் பேசும் விதத்தைச் சொல்கிறேன், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

நான் தேடியது ஸ்வீடனின் மார்ட்டின் பெக் வரிசை, ஆங்கில மொழிபெயர்ப்பில். மாய் ஷோவால், பெர் வாலூ என்ற ஜோடி 1965 முதல் 1975 வரை எழுதிய பத்துத் துப்பறியும் நாவல்கள். மார்ட்டின் பெக் அதில் வரும் போலீஸ் அதிகாரி. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். பத்தும் சேர்ந்து ஒரே பெரிய கதை, புத்தகத்துக்கு 30 அத்தியாயம் என்று முன்கூட்டியே திட்டம் போட்டவர்கள். இந்த முப்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பழைய புத்தகக் கடைகளில் ஒன்றிரண்டு கண்ணில் படும், முழு செட் கிடைக்காது. அந்தப் பக்கத்தில் 'ஃபுல் செட்' என்று படம் பார்த்துக் கேட்டேன். உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, மார்ட்டின் பெக்கா கேக்குறீங்க! இதக் கேக்குற ஆளே இல்லக்கா. நான் ரோசன்னாவையே மூணு தடவ படிச்சிருக்கேன்." ரோசன்னாதான் வரிசையின் முதல் நாவல். ஸ்வீடனின் யோத்தா கால்வாயைத் தூர்வாரும்போது பெண்ணின் உடல் சிக்குகிற அந்தத் தொடக்கத்தை அவன் விவரித்த விதம் இருக்கிறதே, எனக்குச் சந்தேகமே வரவில்லை. படித்தவன் படிக்கிறவளை ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்? அடுத்து ஒரு வீடியோ. மேசையில் பத்துப் புத்தகம், ஒவ்வொன்றாக முதுகைத் திருப்பிக் காட்டுகிறான். "ஒரிஜினல்தானே தம்பி?" என்றேன். "அம்மா சத்தியமாக்கா. பப்ளிஷர் ஸ்டாக் கிளியரன்ஸ், அதான் ரேட் கம்மி." கூரியர் உட்பட 3,200 ரூபாய். யூபிஐயில் வந்த பெயர் பக்கத்தின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆள். "அது எங்க மாமா அக்கவுண்ட்டுக்கா." அனுப்பிவிட்டேன்.

பார்சல் வந்தது. பிரித்ததும் பசை நாற்றம். தாள் பழுப்பாக, பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிகிற மாதிரி. காப்புரிமைப் பக்கமே கிடையாது. மொழிபெயர்த்தவர் பெயரும் எங்கேயும் இல்லை. சரி, கதை இருக்கிறதே என்று ரோசன்னாவை முடித்தேன்.

நான்காவது புத்தகம், 'தி லாஃபிங் போலீஸ்மேன்'. 1971-இல் அமெரிக்காவில் எட்கர் விருது வாங்கியது. 1967 நவம்பர், கொட்டும் மழை, ஸ்டாக்ஹோமில் ஒரு மாடி பஸ்ஸுக்குள் ஒன்பது பேர் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். அதில் ஒருவன் மார்ட்டின் பெக்கின் சொந்த டிபார்ட்மெண்ட் ஆள். அந்த நேரத்தில் அந்த பஸ்ஸில் அவனுக்கு என்ன வேலை? இந்த ஒரு கேள்வியை வைத்தே கதை மெல்ல மெல்ல நகரும். சளி பிடித்த போலீஸ்காரர்கள், ஒன்றுக்கும் உதவாத விசாரணைகள், எரிச்சல் பேச்சு. இந்த நிதானம் பிடிக்காதவர்கள் உண்டு, எனக்கு உயிர். அத்தனை பொறுமைக்கும் கூலி கடைசிப் பக்கங்களில்தான் கிடைக்கும்.

முப்பது அத்தியாயம் என்றேனே? என் பிரதியில் 26-ஆம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் பாதியில் நிற்கிறது. முற்றுப்புள்ளிகூட இல்லை. திருப்பினால் பின்னட்டை. கடைசி ஃபாரத்தையே, அதாவது கடைசிப் பக்கங்களின் கட்டையே, சேர்க்காமல் தைத்திருக்கிறார்கள்! மற்றதை எல்லாம் இழுத்துப் பார்த்தேன். 'தி லாக்ட் ரூம்' என்ற அட்டைக்குள் மறுபடி ரோசன்னா. இன்னொன்றில் நடுவே பக்கங்கள் தலைகீழ்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "பிரிண்டிங் மிஸ்டேக்கா, கேட்டுச் சொல்றேன்." அப்புறம், "பத்துல ஒண்ணு ரெண்டுதானக்கா." அப்புறம், "பிரிச்ச புக் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் எப்படி ஐயா தெரியும்? பணத்தைக் கேட்டதும், "கடைசி சாப்டர் பிடிஎஃப் அனுப்பவா?" என்றான். திருட்டுப் பிரதிக்கு நஷ்டஈடு இன்னொரு திருட்டுப் பிரதி! காப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை உள்ளே போகலாம் என்று எழுதினேன். நீலக்குறி விழுந்தது. அத்தோடு பிளாக். 3,200 ரூபாய் போனது போனதுதான்.

எப்படித் தப்பிப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது ஓடவில்லை. முதுகைக் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள், காப்புரிமைப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாமா அக்கவுண்ட், மச்சான் அக்கவுண்ட் எதற்கும் காசு போடாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் பதிந்திருக்கிறேன்.

தயவுசெய்து அந்த பஸ்ஸில் சுட்டது யார் என்று யாரும் கீழே வந்து சொல்லிவிடாதீர்கள். நூலகத்தில் கேட்டு வைத்திருக்கிறேன்.