கறுப்புத் தாளில் விழித்திருக்கும் மரங்கள்

சென்னை தாரா புக்ஸ் 2006இல் கொண்டுவந்த 'த நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்' (மரங்களின் இரவு வாழ்க்கை) படப் புத்தகத்தைக் கடைசியில் இலங்கை மலையகத்து ஹட்டனுக்கு வரவழைத்துவிட்டேன். பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி என்ற மூன்று ஓவியர்களின் வேலை, மூவரும் மத்திய இந்தியாவின் கோண்ட் பழங்குடியினர். கறுப்புத் தாளில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகக் கையாலேயே பட்டுத்திரையில் (சில்க் ஸ்கிரீன்) அச்சிட்டிருக்கிறார்கள், அதனால் விரலால் தடவினால் மை லேசாகத் தட்டுப்படுகிறது, பக்கத்தைத் திறந்ததும் அந்த மையின் வாசமும் வருகிறது. ஒரு கிளையை மட்டும் எடுத்துப் பாருங்கள், உள்ளே முழுக்கப் புள்ளியும் குட்டிக் கோடுகளும்தான், ஒவ்வொரு ஓவியருக்கும் அந்தக் கோட்டுப் பாணி வேறு.

என் மகள் எழுத்தைப் பார்க்கவேயில்லை. ஒரு படத்தில் பாம்பு எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துத் தேடினாள். அப்புறம் எங்கள் மலையில் நிற்கும் சவுக்கு மரத்தையும் முள்முருங்கையையும் கொப்பியில் புள்ளி புள்ளியாக வரைய உட்கார்ந்துவிட்டாள், ஒரு நல்ல படம் பிள்ளையைச் சும்மா பார்க்க விடாது, கையைத் துறுதுறுக்க வைக்கும், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

என்னிடம் உள்ளது ஆங்கிலப் பதிப்பு, சொல்லித்தான் கொடுக்க வேண்டும். விலையும் கூடுதல்தான், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடும்பங்கள் தனித்தனியாக வாங்குவது கஷ்டம், தோட்டப் பாடசாலை நூலகங்கள் ஒரு பிரதியாவது வாங்கி வைக்கலாம். வாங்கினால் மழைக்காலத்தில் சுவரோரம் வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும்.