ஸ்ப்ரே கேனா, ஏர்பிரஷ்ஷா? 1/24 கார் மாடலுக்கு எது வழவழப்பு தரும்

போர் விமான மாடல் கட்டுபவருக்கும், நிஜ அளவில் 24இல் ஒரு பங்கான (1/24) பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுபவருக்கும் பெயிண்ட் அடிக்கும் கட்டம் வரை வேலை ஏறத்தாழ ஒன்றுதான். அதன்பின் பாதை பிரிகிறது. விமானத்தின் மேனி மங்கலாக இருக்கலாம். அதிலுள்ள சிறு சொரசொரப்பைப் புகைக்கறையும் அழுக்கும் மூடிவிடும். காருக்கு அந்தச் சலுகை இல்லை. பானெட்டின் நடுவே ஒரு தூசி உட்கார்ந்தால் அலமாரிக் கண்ணாடிக்கு வெளியிலிருந்தே தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் சிக்கல் புரியும். நிஜக் காரின் மேல் பெயிண்ட் மொத்தமாக 100 முதல் 150 மைக்ரான் கனம் இருக்கும். அதை 24ஆல் வகுத்தால் 4 முதல் 6 மைக்ரான். பிரைமர் (அடிப்பூச்சு), நிறம், கிளியர் (நிறமற்ற பளபளப்பு மேல்பூச்சு) என்று மூன்று அடுக்கு போடும் எவராலும் அந்த மெலிவை எட்ட முடியாது. ஆகவே நாம் செய்வதெல்லாம் ஒரு சமரசம். பெயிண்ட் சமமாகப் பரவ வேண்டுமானால் அது ஈரமாக விழ வேண்டும்; ஈரமாக விழுந்தால் கனம் கூடும், கதவுக் கோடுகள் தூர்ந்துபோகும். ஈரத்தைக் குறைத்தால் துளிகள் பரவுவதற்கு முன்பே உலர்ந்து, ஆரஞ்சுத் தோல் என்று தொழிலில் சொல்லும் மேடுபள்ளம் வந்துவிடும். எந்தக் கருவி, எந்தப் பெயிண்ட் என்ற எல்லாச் சண்டையையும் நான் இந்த ஒரே அளவுகோலால்தான் தீர்க்கிறேன்: விழுந்த பெயிண்ட் பரவுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தைப் பெற எவ்வளவு கனத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது?

ஒப்பிட வசதியான நிறம் ஜப்பானிய மாடல் நிறுவனமான தமியாவின் இத்தாலியன் ரெட். ஃபெராரி கட்டாத கார்ப் பிரியர் குறைவு என்பதால் பலருக்கும் பழகிய சிவப்பு. இது டிஎஸ்-8 என்ற எண்ணில் 100 மில்லி ஸ்ப்ரே கேனாகவும், எல்பி-21 என்ற எண்ணில் 10 மில்லி லாக்கர் (வேகமாக உலரும் கரைப்பான் பெயிண்ட்) குப்பியாகவும் கிடைக்கிறது. நிறம் ஒன்று, வழி இரண்டு.

கேனில் பெயிண்டின் அடர்த்தியும் அழுத்தமும் துளியின் அளவும் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகின்றன. நம் கையில் மிஞ்சுவது தூரமும் வேகமும் மட்டும். கம்ப்ரசர் காற்றால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவியான ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் இதை ஏளனமாகச் சொல்வார்கள். புதிதாகத் தொடங்குபவருக்கு இதுதான் வரம் என்பேன். இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, காரின் முன்னே தொடங்கிப் பின்னே தாண்டி நிறுத்தி, முதலில் இரண்டு மெல்லிய பூச்சு, கடைசியில் துணிந்து ஒரு ஈரப் பூச்சு. கேன் தாராளமாகக் கொட்டும் என்பதால் அந்தக் கடைசிப் பூச்சு தானாகவே படிந்து கண்ணாடிபோல் நிற்கும். அடிக்கும் முன் கேனைச் சற்று நேரம் வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினால் உள்ளழுத்தம் கூடித் துளிகள் நுணுகும். வெதுவெதுப்பு என்றால் கை தாங்கும் சூடு. 50 டிகிரியைத் தாண்டக் கூடாது, அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கேனின் குறையும் அந்தத் தாராளத்திலேயே இருக்கிறது. கை ஒரு நொடி தயங்கினால் சக்கர வளைவின் கீழ் பெயிண்ட் வழிந்து நிற்கும். கதவுக் கோடுகள் ஆழமிழக்கும். இதற்கு மருந்து பிரைமருக்கு முன்பே இருக்கிறது: கோடு கீறும் கருவியால் எல்லாக் கோடுகளையும் ஒருமுறை ஆழப்படுத்திவிடுவது. இதைச் செய்யாமல் கேனைக் குறை சொல்வதில் நியாயமில்லை. இன்னொன்று, கடையில் பிஎஸ் என்று தொடங்கும் கேனை எடுத்துவிடாதீர்கள். அது ரிமோட் கார்களின் பாலிகார்பனேட் மேற்கூட்டுக்கானது, நம் மாடலின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கு ஆகாது.

இந்தியாவில் வாங்குபவருக்குக் கூடுதல் தொல்லை ஒன்று உண்டு. ஸ்ப்ரே கேன் பன்னாட்டு விமான அஞ்சலில் ஏற்றக் கூடாத பொருள். உள்ளூர்க் கடையில் அந்த எண் இருப்பில் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஏர்பிரஷ் பக்கம் வந்தால் சுதந்திரம் அதிகம், அதோடு பிழைக்கான வழிகளும் அதிகம். வாங்கியவுடனே வழவழப்பு வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது உப்புத்தாள் போன்ற மேற்பரப்புதான். காரணம், பெயிண்ட் வீணாகக் கூடாது என்று குறைந்த அளவை விட்டு, சீக்கிரம் ஆவியாகும் தின்னரைக் கலந்து, தூரத்திலிருந்து அடிப்பது. துளி காற்றிலேயே பாதி உலர்ந்துவிடுகிறது. விழுந்த இடத்தில் பரவ அதற்குத் தெம்பில்லை.

மாற்ற வேண்டியது தின்னரை. மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிட்டார்டர் சேர்ந்தே வருகிறது. தமியாவும் ரிட்டார்டர் கலந்த லாக்கர் தின்னர் விற்கிறது. எல்பி-21இல் பெயிண்டுக்குத் தின்னர் ஒன்றுக்கு ஒன்று என்று தொடங்கி, கடைசிப் பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு வரை தளர்த்தலாம். அழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ. பலரிடம் இருக்கும் 0.3 மில்லிமீட்டர் நாசில் (பெயிண்ட் வெளிவரும் முனைத் துளை) போதும். ஆனால் காரின் கூட்டுக்கு 0.5 நாசில் இன்னும் சுகம், ஏனென்றால் விசிறி அகலமாகி ஈர விளிம்பு அறாமல் நகரும். இப்படி அடித்தால் கேனைவிட மெலிந்த அடுக்கில் அதே பளபளப்பு கிடைக்கிறது. என் அளவுகோலில் ஏர்பிரஷ் ஜெயிப்பது இங்கேதான். அந்த வெற்றியில் கருவிக்குப் பாதிப் பங்கு, தின்னருக்குப் பாதி.

ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊர்களில் இந்த வேறுபாடு பெரிதாகிறது. லாக்கர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள நீர் அதில் படிகிறது, பெயிண்ட் பால் பூத்ததுபோல் வெளிறுகிறது. கேனில் இதற்குச் செய்ய ஒன்றுமில்லை. காய்ந்த நாளுக்குக் காத்திருக்கலாம். ஏர்பிரஷ்ஷில் ரிட்டார்டரைக் கூட்டலாம். ஆனால் கம்ப்ரசரில் நீர்ப்பிடிப்பான் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் நீர்த்துளியே பெயிண்டோடு சேர்ந்து வந்து விழும். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மெட்டாலிக் நிறங்களில் போட்டியே இல்லை. கனமான ஈரப் பூச்சில் அலுமினியத் துகள்கள் மிதந்து திட்டுத்திட்டாகச் சேரும். கேனில் இதைத் தவிர்க்க மிகுந்த கைப்பழக்கம் வேண்டும். ஏர்பிரஷ்ஷில் மெல்லிய தூவலாக நிறத்தை முடித்து, பளபளப்பைக் கிளியரிடம் விட்டுவிடலாம்.

இனி எந்த ரசாயனம் என்ற கேள்வி. இதில் நான் நடுநிலை வகிக்கப் போவதில்லை. வல்லேயோ போன்ற நீர்க்கலப்பு அக்ரிலிக் மணமற்றது, வீட்டுக்குள் அடிக்கலாம், சிறு மனித உருவ மாடல்களுக்கு அருமை. கார்க் கூட்டில் அதன் படலம் ரப்பர்போல் இழுபடும், உப்புத்தாளுக்கு ஒத்துழைக்காது. தமியாவின் எக்ஸ் வரிசை அக்ரிலிக் இடைநிலை: லாக்கர் தின்னரிலும் கரையும், அப்படி அடித்தால் நன்றாகவே படியும். ஹம்ப்ரால் போன்ற எனாமலோ மெதுவாக உலர்வதால் அழகாகச் சமமாகிறது, ஆனால் உலரும்வரை வீட்டிலுள்ள தூசியையெல்லாம் விருந்துக்கு அழைக்கிறது. லாக்கருக்கு நாற்றம் உண்டு. புகைபோக்கி விசிறியும் கார்பன் வடிகட்டி முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது. இருந்தும் காருக்கு என் ஓட்டு அதற்கே. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: எனாமலின் மேல் லாக்கர் போட்டால் கீழடுக்கு சுருங்கி வெடிக்கும், லாக்கரின் மேல் எனாமல் போடலாம்.

கிளியரில் இரண்டு கட்சி. டிஎஸ்-13 போன்ற சாதாரண லாக்கர் கிளியர் ஒன்று. ஹார்டனர் (இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் 2கே மற்றொன்று. 2கே ஒரே ஈரப் பூச்சில் நனைந்த கண்ணாடிபோல் நின்றுவிடும், பாலிஷ் தேவைப்படுவதே அரிது, பெட்ரோல் பட்டாலும் கரையாது. அதற்கான விலை உடல்நலம். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலைப் பாதித்து ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. பட்டறைகளில் வெளிக்காற்று குழாய்வழி வரும் முகக்கவசம் அணிந்து அடிக்கிறார்கள். படுக்கையறை மூலையில் பெயிண்ட் அடிப்பவர் அதைத் தொட வேண்டியதில்லை. தவிர, 1/24இல் 2கே சற்றுக் கனமாக, சர்க்கரைப் பாகில் முக்கியெடுத்த பொம்மைபோல் காட்டுகிறது என்பது என் கண்ணின் தீர்ப்பு. டிஎஸ்-13இல் கவனிக்க வேண்டியது டீக்கால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் சின்னப்படலம். நேரடியாக ஈரமாக அடித்தால் டீக்கால் சுருண்டுவிடும்; முதல் இரண்டு பூச்சு வெறும் தூவலாக இருக்க வேண்டும்.

லாக்கர் கிளியருக்கு இருக்கும் பெரிய ஆறுதல், பிழையைப் பிறகு திருத்த முடிவது. ஒரு வாரம் காயவிட்டு, சோப்புத் துளி விட்ட நீரில் 2000, 3000 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தமியாவின் மூன்று காம்பவுண்டுகளை (பாலிஷ் பசைகளை) வரிசையாக இழுத்தால் கேனில் அடித்த ஆரஞ்சுத் தோலும் மறைந்துவிடும். விளிம்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். பரப்பு இழுவிசையால் பெயிண்ட் கூர்மையான ஓரங்களிலிருந்து விலகிப் போகிறது. அங்கே படலம் மிக மெலிது, இரண்டு இழுப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும். ஓரங்களை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டுத் தேய்ப்பது உத்தமம்.

ஆக, ஆண்டுக்கு இரண்டு மூன்று கார், அதுவும் சிவப்பு, வெள்ளை, கருப்பு என்று கட்டுபவர் ஏர்பிரஷ் வாங்க ஓட வேண்டாம். பிங்க் பிரைமரின் மேல் டிஎஸ்-8, அதன்மேல் டிஎஸ்-13, பிறகு காம்பவுண்ட்: இதில் வரும் ஃபெராரி எந்தப் போட்டி மேசையிலும் நிற்கும். மெட்டாலிக் வெள்ளி போர்ஷேவோ, கலந்து உண்டாக்க வேண்டிய பழைய நிறமோ கண்ணை உறுத்தத் தொடங்கினால் அப்போது கம்ப்ரசருக்குப் பணம் சேர்க்கலாம். அதை வாங்கும் அன்றே ரிட்டார்டர் தின்னரும் ஒரு பெரிய குப்பியாக வாங்கிவிடுங்கள். பெயிண்டைவிட அதுதான் சீக்கிரம் தீரும்.