நெருஞ்சில் தோற்றது, அமுக்கரா ஜெயித்தது: தேர்வு வைத்தது யார்?

ஜிம்முக்குப் போகிற பையன்களிடமும், நாற்பதைத் தாண்டியதும் உடம்பு சோர்கிறதே என்று கவலைப்படுகிறவர்களிடமும் இன்று ஒரு வரிசை புழங்குகிறது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஏற்ற அஸ்வகந்தா முதலிடம், அடுத்து வெந்தயச் சாறு, பிறகு மலேசியாவின் தொங்காட் அலி வேர். நெருஞ்சிலைக் கேட்டால், "அது வேலை செய்யாது, ஆராய்ச்சியிலேயே தெரிந்துவிட்டது" என்று ஒதுக்கிவிடுவார்கள். நான்கின் ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இந்த வரிசை எனக்கு ஒப்பவில்லை. விற்பவரே சோதித்தது எது, வெளியாள் சோதித்தது எது என்பதை வைத்தே பாதி இடங்கள் தீர்மானமாகியிருக்கின்றன.

நெருஞ்சிலின் புகழ் பல்கேரியாவிலிருந்து வந்தது. அங்கே சோஃபார்மா நிறுவனம் அதை ட்ரைபெஸ்டான் என்ற மாத்திரையாக விற்றது. அந்நாட்டு எடைதூக்கும் வீரர்களின் பெயரோடு சேர்ந்து அது உலகம் சுற்றியது. 2005-இல் பல்கேரிய ஆய்வாளர்களே 21 இளைஞர்களை வைத்துச் சோதித்தார்கள். கிலோ எடைக்கு 10 அல்லது 20 மில்லிகிராம், 4 வாரம். டெஸ்டோஸ்டிரோன் அசையவில்லை. 2007-இல் ஆஸ்திரேலியாவில் 22 ரக்பி வீரர்களைப் பார்த்தார்கள். 5 வாரம் தினம் 450 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு, ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வலிமையும் கூடவில்லை, தசையும் கூடவில்லை. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் கேள்வியை நேராகக் கேட்டார்கள், பதில் 'இல்லை' என்று வந்தபோது அப்படியே எழுதினார்கள்.

அமுக்கரா என்கிற அஸ்வகந்தாவுக்கு வருவோம். டப்பாக்களில் 'மருத்துவ ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று போடுகிறவர்கள் அதிகம் காட்டுவது 2015-இல் வந்த ஓர் ஆய்வை. 18 முதல் 50 வயது வரையிலான 57 ஆண்கள், 8 வாரம் எடைப் பயிற்சி, தினம் இரண்டு வேளை 300 மில்லிகிராம் வேர்ச்சாறு. அந்தச் சாறு கேஎஸ்எம்-66. தயாரிப்பது ஹைதராபாத்தின் இக்ஸோரியல் பயோமெட். அஸ்வகந்தா சாப்பிட்டவர்களுக்கு டெசிலிட்டருக்கு 96 நானோகிராம் ஏறியது, மற்றவர்களுக்கு 18 மட்டும் என்பதுதான் எல்லோரும் மேற்கோள் காட்டும் கணக்கு.

அட்டவணையைத் திறந்து பாருங்கள். அஸ்வகந்தா குழு 630-இல் தொடங்கி 726-க்குப் போனது. வெற்று மாத்திரைக் குழு 675-இல் தொடங்கி 693-இல் நின்றது. தொடக்கத்திலேயே இரு குழுவுக்கும் 45 வித்தியாசம். முடிவில் இடைவெளி 33தான். ஒவ்வொரு குழுவும் எவ்வளவு ஏறியது என்று பார்ப்பது முறையான கணக்குதான், அதில் தவறில்லை. ஆனால் காலைக்கும் மாலைக்குமே கணிசமாக மாறுகிற ஹார்மோன் இது. இத்தனை சிறிய குழுவில் இந்த ஏற்றம் எவ்வளவு தூரம் மூலிகையால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: 19 முதல் 39 வயது வரை உள்ள, பருமனில்லாத ஆரோக்கியமான ஆண்களுக்கு 264 முதல் 916 வரை இயல்பு. 630-உம் இயல்பு, 726-உம் இயல்பு. குறைபாடே இல்லாத ஆண்களுக்கு இந்த ஏற்றத்தால் என்ன மாறும்?

2019-இல் ஆஸ்திரேலியாவில் இன்னோர் ஆய்வு. பணம் கேரளத்தின் அர்ஜுனா நேச்சுரல் கொடுத்தது, சோதித்ததும் அவர்களுடைய ஷோடன் சாற்றையே. உடல் எடை கூடிய, 40 முதல் 70 வயது வரையிலான ஆண்கள். உமிழ்நீரில் அளந்த டெஸ்டோஸ்டிரோன் வெற்று மாத்திரையைவிட 14.7% கூடுதலாக ஏறியது. சோர்வு, உற்சாகம், பாலுறவு நலம் மூன்றிலும் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஒருவர் காசு கொடுத்து வாங்குவதே அந்த மூன்றுக்காகத்தான். விளம்பரத்தில் மட்டும் 14.7 வருகிறது, மற்றது வருவதில்லை.

லக்னோ மருத்துவப் பல்கலைக்கழகத்தின் 2010 ஆய்வையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குழந்தைப்பேறு தாமதமான 75 ஆண்களுக்கு 3 மாதம் தினம் 5 கிராம் வேர்ப்பொடி கொடுத்தார்கள், டெஸ்டோஸ்டிரோன் ஏறியது. பிராண்டு சாறு அல்ல, வெறும் பொடி. அதனாலேயே எனக்கு அதன்மீது மரியாதை கூடுதல். ஆனால் ஒப்பிட வெற்று மாத்திரைக் குழு இல்லை.

வெந்தயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். டெஸ்டோஃபென் என்ற பிராண்டு வெந்தயச் சாற்றை வைத்து 2011-இல் 60 ஆண்களிடம் நடந்த ஆய்வில் பாலுறவு நாட்டம் கூடியதாகச் சொன்னார்கள். ஆனால் கொடுத்த மாத்திரையில் வெந்தயத்தோடு தாதுச் சத்துகளும் கலந்திருந்தன. டெஸ்டோஸ்டிரோன் இயல்பு அளவுக்குள்ளேயே இருந்தது. ஃப்யூரோசாப் என்ற சாற்றின் 2017 ஆய்வில் 50 பேர், வெற்று மாத்திரைக் குழுவே கிடையாது. எல்லோருக்கும் மருந்து கொடுத்து எல்லோருக்கும் ஏறியது என்றால் எதோடு ஒப்பிடுவது? தொங்காட் அலிக்கும் இதே கதை: 2012-இல் 76 பேர், ஒரு மாதம், ஒப்பீட்டுக் குழு இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் டிஎன்ஏ பாதிப்புக் கவலையால் அதன் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்று அறிவித்தது. இதை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

கம்பெனி பணம் என்றாலே பொய் என்று நான் சொல்லவில்லை. ஆங்கில மருத்துவத்தில் தோலில் தடவும் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லைப் பாருங்கள். 2015-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கட்டாயப்படுத்தியதால் ஆப்வி உள்ளிட்ட மருந்து நிறுவனங்களே பணம் போட்டு 5,200 ஆண்களிடம் டிராவர்ஸ் என்ற ஆய்வு நடந்தது. 2023-இல் வந்த முடிவில் மாரடைப்பு, பக்கவாதம் கூடவில்லை. ஆனால் சீரற்ற இதயத்துடிப்பும் நுரையீரல் ரத்தக்கட்டும் கூடியிருந்தன. விற்பவருக்குப் பாதகமானதும் வெளியே வந்தது, காரணம் மேலே ஒருவர் நின்று கணக்குக் கேட்டார். மூலிகைச் சாறுகளிடம் அப்படிக் கேட்க ஆளில்லை. மருந்துகளையும் கருவிகளையும் பற்றிய 75 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு மதிப்பீட்டு அமைப்பின் 2017-ஆம் ஆண்டு அலசல், நிறுவனப் பணத்தில் நடந்த ஆய்வுகள் சாதகமான பலன் காட்டும் வாய்ப்பு 27% அதிகம் என்று கண்டது. கண்காணிப்பு உள்ள துறையிலேயே இந்த நிலை.

ஆக, நான்கில் ஒன்றை எடுத்தே ஆகவேண்டும் என்றால் அஸ்வகந்தாவுக்குத்தான் கொஞ்சமாவது ஆதாரம் இருக்கிறது. ஆனால் நெருஞ்சிலுக்கு வைத்த தேர்வை அதற்கும் வைத்தபிறகே அதை ஜெயித்ததாகச் சொல்வேன். அதுவரை, சந்தேகம் உள்ளவர்கள் அந்தப் பணத்தில் காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், குறைவு என்று வந்தால் இன்னொரு நாள் காலையும் எடுத்து உறுதிசெய்துகொண்டு டாக்டரைப் பாருங்கள். 2011-இல் 10 இளைஞர்களை ஒரு வாரம் 5 மணி நேரம் மட்டும் தூங்கவிட்டதில் அவர்களுடைய டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15% இறங்கியது. ஷோடன் ஏற்றியதாகச் சொன்னதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஏற்கெனவே அஸ்வகந்தா எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதனால் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.