பிட்ஸ்பர்கில் ஸ்பானிய இலக்கிய முனைவர் பட்டம்: யாருக்குச் சரிப்பட்டு வரும்?

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிய மொழி உலகைப் படிக்கும் ஹிஸ்பானிக் மொழி, இலக்கியத் துறையைத் தரவரிசைப் பட்டியலை வைத்து எடைபோடக் கூடாது. நூலகத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும். துறை இருப்பது 42 மாடி கதீட்ரல் ஆஃப் லேர்னிங் கட்டடத்தில். ஃபோர்ப்ஸ் அவென்யூவைத் தாண்டினால் ஹில்மன் நூலகம். அங்கே பல்லாண்டு நூலகராக இருந்த எதுவார்தோ லோசானோ சேர்த்த லத்தீன் அமெரிக்கத் தொகுப்பு இன்று அவர் பெயரிலேயே இருக்கிறது. பொலிவியா, கியூபா நூல்கள் அதில் தனி பலம். சிறு பதிப்பகங்கள் ஒரே ஒரு முறை அச்சிட்டு, மறுபதிப்பே காணாத நூல்களைத் தேடுகிறவருக்குத்தான் இதன் அருமை தெரியும். 1938-ல் மெக்சிகோவில் தொடங்கிய ஐபரோ-அமெரிக்க இலக்கியக் கழகமும், அதன் ரெவிஸ்தா இபரோஅமெரிகானா இதழும் பல பத்தாண்டுகளாக இங்கிருந்தே நடக்கின்றன.

இந்தியாவிலிருந்து போகிறவருக்கு இன்னொரு பிடிமானமும் உண்டு. வரலாற்றாய்வாளர் ரணஜித் குஹாவின் அடித்தள மக்கள் (சபால்டர்ன்) ஆய்வுக் குழுவைப் பார்த்து 1990-களின் தொடக்கத்தில் லத்தீன் அமெரிக்காவுக்கென ஒரு குழு உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜான் பெவர்லி இத்துறையில் பேராசிரியராக இருந்தவர். அந்த விவாதம் தெரிந்தவர் இங்கே பாடத்திட்டத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

இனி பணம். இந்த மாதிரி முனைவர் படிப்புகளில் கட்டணம் தள்ளுபடி, மாத உதவித்தொகை இரண்டும் கிடைக்கும். ஈடாக இளங்கலை மாணவர்களுக்கு ஸ்பானிஷ் கற்பிக்க வேண்டும். 'இரு' என்று பொருள்படும் செர், எஸ்தார் என்ற இரண்டு ஸ்பானிய வினைச்சொற்களின் வேறுபாட்டைப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு பருவமும் புதிதாகச் சொல்லி, தேர்வுத்தாள் திருத்தி முடிப்பதற்குள் வாரத்தில் பாதி போய்விடும். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணிக்கு மேல் வளாக வேலை பார்க்க முடியாது. அந்த 20 மணியையும் கற்பித்தலே தின்றுவிடும் என்பதால் கூடுதல் வருமானத்துக்கு வழியில்லை. உதவித்தொகை ஒன்பது மாதமா, பன்னிரண்டு மாதமா? மருத்துவக் காப்பீடு சேருமா? எத்தனை ஆண்டுக்கு உத்தரவாதம்? எந்தப் பல்கலைக்கழகமானாலும் இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஒப்புக்கொள்ள வேண்டும். கோடை மாதங்களில் கையைக் கடிப்பது இதைக் கேட்காமல் போனவர்களுக்குத்தான்.

விண்ணப்பத்தில் சேர்க்கைக் குழு ஊன்றிப் படிப்பது மாதிரிக் கட்டுரையை. பொதுவாக 15 முதல் 25 பக்கம், ஸ்பானிஷில் இருந்தால் நல்லது. தில்லி ஜே.என்.யூ.விலோ ஹைதராபாத் மொழிப் பல்கலைக்கழகமான இ.எஃப்.எல்.யூ.விலோ எம்.ஏ. முடித்தவர்கள் ஆய்வேட்டின் முதல் இயலை அப்படியே வெட்டி அனுப்புகிறார்கள். அதில் ஆசிரியர் வரலாறும் முந்தைய ஆய்வுகளின் பட்டியலும்தான் இருக்கும். விண்ணப்பிப்பவரின் வாதம் வர எட்டுப் பக்கம் காத்திருக்க வேண்டும். அதற்குள் படிப்பவர் அடுத்த கோப்புக்குப் போய்விடுவார். ஒரே ஒரு நாவலையோ கவிதையையோ வரிவரியாக அலசும் இயலை எடுத்து, வாதத்தை முதல் இரண்டு பக்கத்துக்குள் கொண்டு வாருங்கள். நோக்க அறிக்கையில் இரண்டு பேராசிரியர் பெயராவது வரட்டும். ஆனால் அவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்களா, புதிய மாணவர்களை எடுக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விழும்.

உள்ளே போன பிறகு பலர் தேங்குவது, ஆய்வேட்டுக்குப் போகும் முன் எழுதும் தகுதித் தேர்வில். வாசிப்புப் பட்டியல் நீளம். வகுப்புப் பாடம் முடிந்த பிறகு தொடங்கினால் ஓராண்டு கூடுதலாக விழும். பிரேசிலையும் தொட நினைப்பவர் போர்த்துகீசை முதல் பருவத்திலேயே எடுத்துவிடலாம். ஸ்பானிஷ் தெரிந்தவருக்கு வாசிக்கும் அளவு சீக்கிரம் பிடிபட்டுவிடும். பட்டம் முடித்தபின் நிரந்தரப் பேராசிரியர் வேலை கிடைப்பது 2008 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு குதிரைக்கொம்புதான்.

'தோன் கிஹோத்தே' எழுதிய செர்வாந்தெஸ் காலத்து ஸ்பெயின்தான் வேண்டும் என்பவர் பேராசிரியர் பட்டியலைப் பார்த்த பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டட்டும். பெரிய நாவலாசிரியர்களின் கைப்பிரதிகளைத் தேடுபவருக்கும் பிட்ஸ்பர்க் இடமல்ல: கொலம்பியாவின் கார்சியா மார்க்கேஸின் கைப்பிரதிகள் 2014-ல் டெக்சாஸ் மாநில ஆஸ்டினின் ஹாரி ரான்சம் மையத்துக்குப் போயின. பெருவின் வர்கஸ் யோசாவின் தாள்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில். மார்க்கேஸ் தொகுப்பில் கணிசமான பகுதியை இணையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு எந்தச் சேர்க்கையும் தேவையில்லை.