ஹிக்கின்பாதம்ஸ், மவுண்ட் ரோடு: கட்டடத்துக்கு சொல்லலாம், மேனேஜருக்கு சொல்லக்கூடாது

சென்னையில இருக்கற இந்த பழைய புத்தகக் கடையப் பத்தி இங்கிலீஷ்ல யாராவது எழுதினா 'வெனரபிள்' (venerable)னு ஒரு வார்த்த எங்கயாவது வந்து உக்காந்துடும். நான் ரொம்ப நாளா அத 'வல்னரபிள்'னு, அதாவது ஆபத்துல இருக்கறதுன்னு படிச்சுட்டு, அய்யய்யோ கடைய மூடப்போறாங்க போலன்னு நினைச்சுட்டிருந்தேன்.

சனிக்கிழம எல்ஐசி மெட்ரோல இறங்கி நடந்தே போயிட்டேன். வெள்ளக் கட்டடம், உள்ள சீலிங் அவ்ளோ உயரம், அண்ணாந்து பாத்துட்டே நின்னா பின்னாடி வர்றவங்க இடிச்சுட்டுதான் போவாங்க. ஹிக்கின்பாதம்னு ஒருத்தர் 1844ல ஆரம்பிச்சது, இப்ப இருக்கற கட்டடம் 1904ல வந்தது. இவ்ளோ வயசாகியும் ஒரு ஸ்கூல் பையன் வந்து கைட் கேட்டுட்டு நிக்கறான் பாருங்க, அதான் மேட்டர். சும்மா பழசா இருந்தா 'ஓல்ட்', வெல ஏத்தி விக்கணும்னா 'ஆன்டிக்', செவுத்துல பழைய ரேடியோவ மாட்டிட்டு காபிக்கு 200 ரூபா வாங்குனா 'விண்டேஜ்'. வயசோட மரியாதையும் சேந்து இருந்தாதான் வெனரபிள்.

கத்தோலிக்க சர்ச்ல புனிதர் ஆகற வழியில இதுவும் ஒரு படி. மொதல்ல வணக்கத்துக்குரியவர், அதான் வெனரபிள், அப்பறம் அருளாளர், அப்பறம் புனிதர். நம்ம கன்னியாகுமரி பக்கத்து தேவசகாயம் பிள்ளை அப்படி ஏறி 2022ல புனிதர் ஆனார். இலங்கை பேப்பர்ல பிக்குங்க பேருக்கு முன்னாடி 'வண.'னு போடறாங்களே, அதுவும் இதேதான்.

இந்த வார்த்தையால நான் பட்டது தனி கத. ஆபீஸ்ல மேனேஜர் ரிட்டயர்மென்ட் பங்ஷன், மைக்க புடிச்சு 'நம்ம வெனரபிள் மேனேஜர்'னு கெத்தா ஆரம்பிச்சேன், ஹாலே சிரிக்குது, எனக்கு ஏன்னு புரியல. டீ குடிக்கறப்ப அவரே தோள்ல கைய போட்டு, "ஏம்ப்பா, கிழவன்னு சொல்றத தமிழ்லயே சொல்லிருக்கலாமே"ன்னார். கட்டடத்துக்கு, காலேஜுக்குன்னா பெருமையா இருக்கு, எதிர்ல நிக்கற மனுஷனுக்கு சொன்னா கிண்டல் மாதிரி கேக்குது, இத எந்த வாத்தியாரும் எனக்கு சொல்லித்தரல.

கடையில டிக்ஷனரி பக்கம் நின்னு நிதானமா புரட்டி பாக்கலாம், எனக்கு அதுவே பெருசு. குண்டா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்த வார்த்த இருக்கற பக்கத்த போட்டோ எடுத்து, 'வெறும் வயச மட்டும் சொல்லல சார்'னு எழுதி மேனேஜருக்கு வாட்ஸப்புல அனுப்பிருக்கேன். ப்ளூ டிக் வந்துடுச்சு, பதில் இன்னும் வரல.