ஏற்றுமதி செய்த எண்களோடு ஏழு ஆண்டுகள்: பாண்டாஸ் பயன்பாட்டு அனுபவம்

வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிந்துவைக்கும் கருவிகளிலிருந்து சிஎஸ்வி கோப்புகளாக இறக்கிய எண்களைப் பைத்தான் நிரல்மொழியில் பகுத்தாய்வது ஏழு ஆண்டுகளாக என் அன்றாட வேலை. 2008இல் வெஸ் மெக்கின்னி எழுதத் தொடங்கிய, அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் என்ற நிரல் நூலகம்தான் இக்காலம் முழுவதும் எனக்குக் கைகொடுத்து வருகிறது. சராசரி காண்பதிலோ வரைபடம் வரைவதிலோ அது என்னைச் சோதித்ததில்லை. சோதனையெல்லாம் அதற்கு முன்பு, கோப்பைத் திறந்து எண்களை ஒழுங்காக அடுக்கும் கட்டத்தில்தான். ஆகவே இந்தப் பகிர்வும் அந்தக் கட்டத்தை விட்டு அதிகம் நகராது.

சிஎஸ்வி கோப்பில் எழுத்துகளும் காற்புள்ளிகளும் மட்டுமே இருக்கின்றன. எது முழு எண், எது தேதி, எது வெறும் அடையாளக் குறி என்ற தகவல் அதில் எங்கும் கிடையாது. எனவே திறக்கும் நிரல் ஒவ்வொரு நெடுவரிசையையும் பார்த்து ஊகிக்கிறது. அந்த ஊகம் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடுவதால், நாமும் அதைச் சரிபார்ப்பதை மெல்ல மெல்ல விட்டுவிடுகிறோம்.

நானும் விட்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஒரு கருவி 144 பதிவுகளைத் தர வேண்டும். ஒருமுறை கருவிவாரியாக எண்ணிப் பார்த்தபோது ஒரு கருவிக்கு 288 பதிவுகள் இருந்தன. இன்னொரு கருவி பட்டியலிலேயே இல்லை. ஒரே கோப்பு இருமுறை சேர்ந்துவிட்டதோ என்று அரை நாள் தேடினேன். காரணம் வேறு. கருவிகளின் அடையாள எண்கள் 2இல் தொடங்கும் 17 இலக்க எண்கள். அவற்றில் ஒன்று 43 என்றும் மற்றொன்று 45 என்றும் முடிந்தன. அந்த நெடுவரிசையில் எங்கோ ஓர் இடம் காலியாக இருந்தது. வழக்கமான முழு எண் நெடுவரிசையில் காலியிடத்தைக் குறிக்க வழியில்லாததால், பாண்டாஸ் அந்த நெடுவரிசை முழுவதையும் தசம எண்ணாக மாற்றியிருந்தது. 64 பிட் தசம எண்ணோ 9,00,71,99,25,47,40,992 வரை மட்டுமே எல்லா முழு எண்களையும் பிசகாமல் தாங்கும். இந்த எண்கள் இருந்த அளவில் நான்கின் மடங்குகள் மட்டுமே அதற்குள் அடங்கும். 43உம் 45உம் 44 ஆகிவிட, இரண்டு கருவிகள் ஒன்றாகிவிட்டன. பிழைச் செய்தி ஏதும் வரவில்லை.

அன்றிலிருந்து எந்தக் கோப்பானாலும் எல்லா நெடுவரிசைகளையும் முதலில் வெறும் எழுத்துச் சரங்களாகவே படிக்கிறேன். கோப்பைப் படிக்கும்போது, நெடுவரிசைகளின் வகையைச் சொல்லும் டீடைப் என்ற அளபுருவுக்கு ஸ்டிரிங் (எழுத்துச் சரம்) வகையைக் கொடுத்தால் போதும். பிறகு எண்ணாக வேண்டியவற்றை மட்டும் ஒவ்வொன்றாக நானே மாற்றுகிறேன். அடையாள எண்களைக் கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்பதால் அவை கடைசிவரை சரங்களாகவே இருக்கும். மாற்ற முடியாத மதிப்புகளைக் காலியாக்கிவிட்டுத் தொடரும் வசதி பாண்டாஸில் உண்டு. அதைப் பயன்படுத்துவோர், மாறாமல் நின்றவை எவை என்பதை ஒரு தனிப் பட்டியலாக எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். என் பட்டியலில் இரட்டைக் கோடுகள், பிழைக் குறிகள், தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளியிட்ட 23,5 போன்றவை, தலைப்புக்குக் கீழே ஒளிந்திருந்த அலகு வரிசை என எல்லாம் அகப்பட்டிருக்கின்றன.

அகப்படாதது -999. அளவீடு கிடைக்காதபோது எங்கள் கருவிகள் எழுதும் குறி அது. பார்ப்பதற்கு முறையான எண் என்பதால் எந்த வடிகட்டியிலும் நிற்காது. நாள் முழுவதும் 24 பாகையில் இருந்த ஓர் அறையின் 144 பதிவுகளில் ஒன்றே ஒன்று அப்படி இருந்தாலும், அன்றைய சராசரி 17க்கு இறங்கிவிடும். 17 பாகை நம்பக்கூடிய வெப்பநிலை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. அதனால் சராசரிக்கு முன்பாகச் சிறும, பெரும மதிப்புகளைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

எக்செலைப் பற்றி ஒரு வார்த்தை. மூலக் கோப்பை அதில் திறந்து பார்ப்பதில் தவறில்லை. திறந்ததைச் சேமிப்பதில்தான் தவறு. முன்னால் உள்ள பூச்சியங்கள் போய்விடும், 15க்கு மேற்பட்ட இலக்கங்கள் பூச்சியமாகிவிடும், 10,48,576க்கு அப்பாலுள்ள வரிசைகள் காணாமல் போகும். மரபணுப் பெயர்களை அது தேதிகளாக்கிய தொல்லை தாங்காமல், 2020இல் அப்பெயர்களையே மாற்றி அறிவிக்க நேர்ந்தது. என் மூலக் கோப்புகள் எல்லாம் இப்போது படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரு கோப்புறையில் இருக்கின்றன. இதைச் சொன்னால் உடன் பணிபுரிவோர் சிரிக்கிறார்கள்.

அடுக்கும் முறையைப் பொறுத்தவரை, கருவிக்கொரு நெடுவரிசையாக வரும் அகலமான அட்டவணையைப் பாண்டாஸின் மெல்ட் செயல்பாட்டால் நேரம், கருவி, மதிப்பு என மூன்று நெடுவரிசைகளாக நீட்டிக்கொள்கிறேன். புதிய கருவி சேர்ந்தால் வரிசைகள்தான் கூடும். நிரலில் கை வைக்க வேண்டியதில்லை. சீரமைத்து முடித்ததை, ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் தன்னுள்ளேயே குறித்துவைக்கும் பார்க்கே என்ற கோப்பு வடிவத்தில் சேமிக்கிறேன். ஊகிக்கும் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. பெரிய கோப்புகளும் விரைவாகத் திறக்கின்றன.

பாண்டாஸ் மீது எனக்கிருந்த பெரிய மனக்குறை தேதிகளைப் பற்றியது. பழைய பதிப்புகள் ஒவ்வொரு தேதியையும் தனித்தனியாக ஊகித்தன. மாதத்துக்கு முன்பாக நாள் எழுதப்படும் கோப்பில் 13/03 என்பதை மார்ச் 13 என்று சரியாகப் படித்துவிட்டு, 05/03 என்பதை மே 3 என்று கொள்ளும். இதனால் ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்களும் ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். 2023இல் வந்த 2.0 பதிப்பு, முதல் தேதியிலிருந்து ஊகித்த வடிவத்தையே மற்றவற்றுக்கும் பொருத்துகிறது. பொருந்தாவிட்டால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அந்தப் பதிப்புக்கு மாறிய வாரத்தில், அதுவரை ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்த என் நிரல்களில் மூன்று நின்றன. மூன்றிலும் தேதி வடிவத்தை வெளிப்படையாக எழுதி மறுபடி ஓட்டினேன். அவற்றில் ஒன்றின் மே மாத வரைபடத்தில், வெகுகாலமாக நான் காரணம் தேடிக்கொண்டிருந்த ஒரு திடீர் ஏற்றம் மறைந்துபோயிருந்தது.